ஓவரியையும் சேர்த்து எடுத்துடலாமா?

என் ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதில் முக்கால்வாசி கர்ப்பப்பையைப் பற்றி. எத்தனை ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளர்கிற, புற்றுநோய் அல்லாத கட்டி), எது எந்தப் பக்கம், எது எத்தனை சென்டிமீட்டர், உள்சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அதற்கெல்லாம் கீழே இரண்டே வரி. வலது ஓவரி, அதாவது சினைப்பை: அளவு, அப்புறம் ‘இயல்பு’. இடது ஓவரி: அளவு, அதற்கும் ‘இயல்பு’.

அந்த இரண்டு வரியை அன்றைக்கு யாருமே பேசவில்லை. டாக்டர் பெரிய ஃபைப்ராய்டைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டி, “கர்ப்பப்பையை எடுத்துடறது நல்லதும்மா” என்றார். தலையாட்டினேன். நான் எழுந்திருக்கும் நேரத்தில் ஃபைலை மூடிக்கொண்டே, “எப்படியும் உள்ளே போறோம், ஓவரியையும் சேர்த்து எடுத்துடலாம். பின்னாடி அதுல ஏதாவது வந்து இன்னொரு ஆபரேஷன் எதுக்கு?” என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அப்போது எனக்கு 44 வயது.

கர்ப்பப்பையை எடுப்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஒன்றரை வருஷமாக மாதத்தில் 12 நாள், 14 நாள் உதிரப்போக்கு. கட்டி கட்டியாகப் போகும். ஹீமோகுளோபின் 7.2க்கு இறங்கி, மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறேன். மாத்திரை பார்த்தாயிற்று. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. மூன்றாம் மாதம் ரத்தக் கட்டியோடு அதுவும் வெளியே வந்து விழுந்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அப்பாடா என்றுதான் இருந்தது.

அன்று ராத்திரி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த என் கணவர்தான் அந்த இரண்டு வரியில் விரலை வைத்தார். “ரெண்டும் நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் எடுக்கணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். சொல்லும்போதே, ‘எப்படியும் உள்ளே போகிறோம்’ என்பதைத் தவிர அதில் வேறு காரணம் எதுவும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் அக்காவுக்கு போன் போட்டேன். அவளுக்கும் இதே ஃபைப்ராய்டு, இதே உதிரப்போக்கு. 7 வருஷத்துக்கு முன்னால், 40 வயதில், கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

“அக்கா, உனக்கு ஓவரியையும் சேர்த்து எடுத்தாங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தெரியலையே. ஏண்டி கேக்கற?”

சாயங்காலம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். மடித்த இடத்தில் மை அழிந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். கர்ப்பப்பை, இரண்டு பக்கத்துக் குழாய், இரண்டு பக்கத்து ஓவரி, எல்லாம் எடுத்தாயிற்று. இன்னொரு தாளில் சம்மதக் கையெழுத்து. “கையெழுத்து என்னோடதுதான்” என்றாள். “என்ன எழுதியிருக்குன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல.”

அந்த 7 வருஷத்தில் அவள் பட்டது எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மார்பிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது வரை சூடு ஏறும், இரண்டு நிமிஷத்தில் நைட்டி நனைந்துவிடும், அப்புறம் ஈரத்தில் குளிரும். தலையணை மேல் ஒரு துண்டு விரித்துத்தான் படுப்பாள். ஒரு வருஷத்தில் முட்டி வலி வந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சாதாரண வார்த்தை வராமல் நின்றுவிடுவாள். கணவரோடு நெருங்குவது வலியாக இருக்கிறது என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள், அதுவும் எங்கோ பார்த்துக்கொண்டு. நாங்கள் எல்லோரும் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: கர்ப்பப்பையை எடுத்தால் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்.

அது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், பிள்ளை பெற முடியாது. ஹார்மோன் நிற்காது, ஏனென்றால் அதைச் சுரப்பது கர்ப்பப்பை இல்லை, ஓவரி. அக்காவுக்கு வந்தது ஒரே நாளில் திணிக்கப்பட்ட மெனோபாஸ். நாம் பேசுகிற பேச்சில் இதற்குத் தனியாக ஒரு வார்த்தை இல்லை. ‘கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க’ என்றுதான் இரண்டுக்கும் சொல்கிறோம். இரண்டு வேறு ஆபரேஷன்களை ஒரே வாக்கியத்துக்குள் அடைத்து வைத்திருப்பதால், ஒருத்திக்கு நடந்ததை இன்னொருத்தி கேட்டுப் பயப்படுகிறாள், அல்லது அக்கா மாதிரி தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் இருந்துவிடுகிறாள்.

நான் வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். நடுவில் தலைகீழாக ஒரு பேரிக்காய், அது கர்ப்பப்பை. இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி குழாய்கள். குழாயின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருக்கும், அந்த விரல்களுக்குக் கீழே பாதாம் பருப்பு மாதிரி ஓவரி. எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம், கேட்டேவிட்டேன்: கர்ப்பப்பையை எடுத்தபின் ஓவரி எதில் தொங்கிக்கொண்டிருக்கும்? அவர் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஓவரிக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு உண்டு. ஒரு பக்கம் கர்ப்பப்பையோடு ஒரு நாண். அதை வெட்டிவிடுவார்கள். இன்னொரு பக்கம் இடுப்பின் பக்கச் சுவரிலிருந்து வருகிற காம்பு. அதற்குள்தான் ஓவரிக்கான முக்கியமான ரத்தக் குழாய் வருகிறது, அது நேராகப் பெருந்தமனியிலிருந்தே கிளம்பி வருவது. அந்தக் காம்பை விட்டுவைத்தால் ஓவரி இருந்த இடத்திலேயே இருக்கும், ரத்தமும் கிடைக்கும்.

மாதவிடாய் இல்லையென்றால் ஓவரிக்கு என்ன வேலை என்று அடுத்துக் கேட்டேன். அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன். ஆண்களுடையது என்று நாம் நினைக்கிற டெஸ்டோஸ்டிரோனும் இங்கிருந்து ஒரு பங்கு வருகிறது. எலும்பு, ரத்தக் குழாய், மூளை, பிறப்புறுப்பின் ஈரப்பதம், தூக்கம் எல்லாவற்றுக்கும் இவை வேண்டும். இயல்பான மெனோபாஸுக்குப் பிறகும் ஓவரி சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனையும் அதன் உறவுக்கார ஹார்மோன்களையும் சுரந்துகொண்டிருக்கும். கொழுப்புத் திசு அதிலிருந்து சிறிதளவு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்ளும். “44 வயசுல நல்லா இருக்கற ஓவரியை எடுக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு காரணம் எனக்கு வேணும்” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளத் தீர்மானித்தேன்.

நல்ல ஓவரியை எடுப்பது நேற்றுத் தொடங்கின பழக்கமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1872ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ராபர்ட் பேட்டி என்ற டாக்டர் நோயில்லாத ஓவரிகளை எடுக்கும் ஆபரேஷனைத் தொடங்கினார். மாதவிடாய்க் கோளாறு, வலிப்பு, மனக் கலக்கம் என்று எதெதற்கோ அது செய்யப்பட்டது, அவர் பெயராலேயே அழைக்கப்பட்டு மற்ற நாடுகளுக்கும் பரவியது. அந்தப் பெண்களில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, புற்றுநோய். ‘பின்னாடி ஏதாவது வந்து’ என்று முதல் டாக்டர் சொன்னது இதைத்தான். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓவரிப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றின பிறகுதான் தெரிய வருகிறது. வருஷா வருஷம் ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் செய்து முன்கூட்டியே பிடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் வைத்துப் பல வருஷம் அதைத்தான் செய்து பார்த்தார்கள். அப்படித் தேடியதால் ஓவரிப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2021ல் முடிவு வந்தது. ஆக, விட்டுவைத்துக் கண்காணித்துக்கொள்ளலாம் என்பது முழு ஆறுதல் இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். குடும்பத்தில் யாருக்கெல்லாம் மார்பகம், ஓவரி, பெருங்குடல், கர்ப்பப்பை உள்சுவர், கணையம் இவற்றில் புற்றுநோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா வழி மட்டும் போதாது, அப்பா வழியும் வேண்டும். இது எனக்குப் புதிது. பெண்களுக்கு வருகிற நோய் பெண்கள் வழியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். மார்பக, ஓவரிப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணுக் கோளாறை அப்பாவும் மகளுக்குக் கொடுக்க முடியும். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஒரு நோட்டில் குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் பேசினேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். பெரும்பாலும் வயது தெரிந்தது, நோயின் பெயர் தெரியவில்லை. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, ‘வயித்துல கட்டி வந்து’ போனார் என்றே எல்லோரும் சொன்னார்கள். வயிறு என்றால் எந்த வயிறு? நம் பேச்சில் இரைப்பையும் வயிறு, குடலும் வயிறு, பிள்ளை இருப்பதும் வயிறு. அத்தை மகனிடம் இரண்டு முறை பேசி, அவர் பழைய காகிதங்களைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது இரைப்பைப் புற்றுநோய், 71 வயதில். நோட்டில் அத்தையின் வட்டத்துக்குப் பக்கத்தில் அதை எழுதியபோது, இத்தனை வருஷமாக அவருக்கு என்ன நோய் என்றுகூட நான் கேட்டதில்லையே என்று மனசு கனத்தது. மார்பகம், ஓவரி என்று இரண்டு பக்கத்திலும் யாருமில்லை.

அப்படியானால் என் ஆபத்து பொதுவான பெண்களுக்கு இருக்கிற அதே அளவுதான் என்றார் டாக்டர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல். பிஆர்சிஏ 1 கோளாறு இருக்கிறவர்களுக்கு இதுவே 100க்கு 40 பேர் அளவுக்குப் போகிறது. பிஆர்சிஏ 2 என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் பொதுவான அளவைப் போலப் பல மடங்கு.

என் சிநேகிதி ஒருத்தி அந்த 40 பேர் பக்கத்தில் இருக்கிறவள். அம்மாவை ஓவரிப் புற்றுநோயில் இழந்தாள், சித்திக்கு மார்பகத்தில் வந்தது. மரபணுப் பரிசோதனை செய்து, பிஆர்சிஏ 1 என்று தெரிந்ததும் 38 வயதில் ஓவரிகளையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டாள். “எனக்கு இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல” என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கும் ராத்திரி வியர்க்கிறது. அவள் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டாள், டாக்டரோடு உட்கார்ந்து பேசி அதற்கு வேண்டியதையும் செய்துகொண்டிருக்கிறாள். அக்காவையும் இவளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது. ஓவரியை எடுக்கவே கூடாது என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளியே வளர்கிற நோய்) ஓவரிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக வலிக்கிறவர்களுக்கும், ஸ்கேனில் சந்தேகமான கட்டி இருக்கிறவர்களுக்கும் கணக்கு வேறு. 65 வயதில் இந்தக் கேள்வி வருகிறவர்களுக்கும் வேறு.

என் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1976ல் தொடங்கிய நர்ஸ்கள் ஆய்வு என்று ஒன்று உண்டு. அதில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட 29,380 பெண்களை 24 வருஷம் தொடர்ந்து கவனித்து 2009ல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓவரிகளையும் எடுத்திருந்தார்கள். எடுத்தவர்களிடம் ஓவரிப் புற்றுநோய் அநேகமாக இல்லை, மார்பகப் புற்றுநோயும் குறைவு. ஆனால் இதய நோய் அதிகம். எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் இறந்தவர்களும் அதிகம். எந்த வயதில் எடுத்திருந்தாலும் அதனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007ல் எழுதிய இன்னொன்று என்னை அதைவிட அசைத்தது. மெனோபாஸுக்கு முன் ஓவரிகளை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஞாபக மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது. எவ்வளவு இளவயதில் எடுத்தார்களோ அவ்வளவு கூடுதல். 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. அக்கா வார்த்தைக்குத் தடுமாறி நிற்கிறது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை வராமல் போவதற்கும் அந்த நோய்க்கும் வெகு தூரம் என்று டாக்டர் சொன்னார். இந்த ஆய்வுகளில் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, யாருக்கு எடுத்தார்கள் என்பதிலேயே வேறு காரணங்கள் கலந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் நான் பயந்துகொண்டிருந்த நோய் 100ல் ஒருவருக்கு வருவது. பயப்படாமல் இருந்த இதய நோயோ பெண்களின் சாவுக்கு முதல் காரணம்.

ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கலாமே என்பது நியாயமான கேள்வி. கொடுக்கலாம், இளவயதில் ஓவரிகளை எடுத்தால் கொடுக்கவும் வேண்டும். இயல்பாக மெனோபாஸ் வருகிற 50, 51 வயது வரையிலாவது தேவைப்படும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். புரொஜெஸ்ட்ரோன் சேர்ப்பது கர்ப்பப்பை உள்சுவரைக் காப்பதற்கு, அதுதான் இல்லையே. தோலில் ஒட்டுகிற பேட்ச், தடவுகிற ஜெல் வடிவத்தில் எடுத்தால் மாத்திரையைவிட, குழாய்க்குள் ரத்தம் உறைகிற ஆபத்து குறைவு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? 2002ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று ஹார்மோனால் மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அது இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்கள், அதிலும் சராசரியாக 60 வயதைத் தாண்டியவர்கள். கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களின் பிரிவு 2004ல் முடிந்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பக்கவாதம்தான் கொஞ்சம் கூடியிருந்தது. இந்த இரண்டாவது செய்தி அந்த அளவுக்கு யார் காதிலும் விழவில்லை. அக்கா ஒரு முறை எங்கோ தன் வியர்வையைப் பற்றிக் கேட்டதற்கு, “ஹார்மோனா? கேன்சர் வரும்மா, பொறுத்துக்கோங்க” என்றுதான் பதில் வந்தது. பொறுத்துக்கொண்டாள்.

மாத்திரையோ பேட்சோ எடுத்துக்கொள்ள ஒருத்திக்கு ஞாபகம் வேண்டும், காசு வேண்டும், கொடுக்க மனசுள்ள டாக்டர் வேண்டும். இருக்கிற ஓவரிக்கு இது ஒன்றும் வேண்டாம்.

குழாய்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஓவரிப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிக அதிகமாக வருகிற, மிகவும் கொடிய வகை பெரும்பாலும் ஓவரியில் தொடங்குவதே இல்லையாம். குழாயின் அந்த விரல் நுனிகளில் தொடங்கி, கீழே இருக்கிற ஓவரியில் போய் ஒட்டிக்கொள்கிறது என்கிறார்கள். பிஆர்சிஏ உள்ள பெண்களிடமிருந்து எடுத்த குழாய்களைத் துண்டு துண்டாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது தெரிய வந்த விஷயம் இது. பிள்ளைப்பேறு முடிந்த பிறகு குழாயால் வேறு பயன் இல்லை. அதனால் ஓவரியை விட்டுவிட்டு, கர்ப்பப்பையோடு குழாய்களை மட்டும் எடுத்துவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து டாக்டர்கள் 2010லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். 2022ல் அவர்கள் கொடுத்த கணக்குப்படி, இப்படிக் குழாய் எடுத்துக்கொண்ட 25,000க்கும் அதிகமான பெண்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கொடிய வகை அதுவரை வரவில்லை. இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. கர்ப்பப்பை, குழாய்கள் போகட்டும், ஓவரிகள் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு டியூட்டி டாக்டர் சம்மதப் படிவத்தோடு வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணில் தூக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டுத் தந்தார். நான் மேலே இருந்து படித்தேன். என்ன ஆபரேஷன் என்ற இடத்தில் கர்ப்பப்பை, இரண்டு பக்கத்துக் குழாய்கள், இரண்டு பக்கத்து ஓவரிகள் என்று எழுதியிருந்தது. என் கை சில்லிட்டுப்போனது.

“ஓவரியை எடுக்க வேண்டாம்னு பேசியிருக்கோமே, டாக்டர்.”

“சாரி மேடம், வழக்கமா இப்படித்தான் எழுதுவோம்.”

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நிஜமாகவே கை பழக்கத்தில் எழுதியிருக்கிறார். பெரிய டாக்டரை போனில் பிடித்தார், இரண்டு நிமிஷம் பேசினார். ஓவரிகள் என்ற வார்த்தையின் குறுக்கே ஒற்றைக் கோடு இழுத்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார், நானும் பக்கத்தில் போட்டேன். அதற்குக் கீழே, நாங்கள் முன்பே பேசி வைத்திருந்ததை எழுதச் சொன்னேன்: உள்ளே பார்க்கும்போது ஓவரியில் சந்தேகப்படும்படியாக ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்து ஓவரியை மட்டும் எடுக்கலாம். ஏனென்றால் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். மயக்கத்தில் இருக்கும்போது நம்மிடம் கேட்க முடியாது, கேட்க வேண்டியதெல்லாம் முன்னாடியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பேனா சரியாக எழுதவில்லை, எழுத்தின் மேலேயே இரண்டு முறை ஓட்டினார். அக்காவின் படிவத்திலும் இதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்திருக்கும்.

ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில், சிறு துளைகள் வழியாக நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன், ஆறு வாரம் கனமான எதையும் தூக்கவில்லை. பயாப்ஸியில் ஒன்றுமில்லை.

விட்டுவைத்துவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தக் குழாயிலிருந்தும் ஓவரிக்கு ஒரு கிளை போகிறது, ஆபரேஷனில் அது அறுபடுகிறது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் ஓவரியை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை எடுத்தவர்களில் 4 வருஷத்துக்குள் 14.8 சதவீதம் பேருக்கு ஓவரி ஓய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாத அதே வயதுக்காரர்களில் 8 சதவீதம் பேருக்கு. அதாவது மெனோபாஸ் கொஞ்சம் சீக்கிரம் வரலாம். மாதவிடாய்தான் இல்லையே, நின்றதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? வியர்வை, தூக்கம், அப்புறம் எஃப்எஸ்எச் (ஓவரியைத் தூண்டுகிற ஹார்மோன், ஓவரி ஓய்ந்தால் இது கூடும்) ரத்தப் பரிசோதனை. பின்னாளில் ஓவரிக்காக இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மேயோ கணக்கில் 30 வருஷத்தில் 100க்கு 9 பேர். கர்ப்பப்பையை எடுக்காதவர்களிலேயே 7 பேருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. முதல் டாக்டர் சொன்ன ‘இன்னொரு ஆபரேஷன்’ முழுப் பொய் இல்லை. என் நிலைமையில் அதற்காக எடுப்பது சரியில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் தொடர்ந்து இரண்டு ராத்திரி வியர்த்து எழுந்தேன். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, போச்சு, ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அது வரவில்லை. மாதத்துக்கு ஒரு முறை மார்பு கனத்து வலிக்கிறது, இரண்டு நாள் எரிச்சலாக வருகிறது, சரியாகிவிடுகிறது. முன்பு மாதவிடாய்க்கு முந்தின வாரம் வருகிற அதே வலி. காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வருகிறேன்.

ஆறாவது மாதம் ஸ்கேனுக்குப் போனபோது அக்காவும் கூட வந்தாள். டாக்டரே ஸ்கேன் பார்த்தார். திரையைப் பாதி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது, கருவியைச் சரித்ததும் ஓர் ஓரத்தில் நீள்வட்டமாக ஒன்று வந்து நின்றது. “இதோ, உங்க இடது ஓவரி.” அதற்குள் கன்னங்கரேலென்று, விளிம்பு துல்லியமாக, ஒரு சின்ன உருண்டை.

“அது என்ன டாக்டர், கட்டியா?” என்று அக்கா பதறிக்கொண்டு கேட்டாள்.

“இல்லம்மா. இந்த மாச முட்டை வளர்ந்துட்டிருக்கு. கர்ப்பப்பை இல்லைன்னு அதுக்குத் தெரியாது.” அது வெளியே வந்தால் எங்கே போகும் என்று நான் கேட்டேன். வயிற்றுக்குள்ளேயே கரைந்துவிடும் என்றார். அந்த உருண்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். 16 மில்லிமீட்டர் என்று கீழே எண் விழுந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்த பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“டாக்டர், எனக்கு 40 வயசுல எடுத்துட்டாங்க. இப்ப 47 முடியப் போகுது. இனிமே அந்த பேட்ச் போட்டா ஏதாவது பிரயோஜனம் இருக்கா?”

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். “பார்க்கலாம்மா. மார்பகப் பரிசோதனை, எலும்புக்கு ஒரு ஸ்கேன், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துட்டுச் சொல்றேன். பழைய ஃபைல் ஏதாவது இருக்கா?”

அக்கா மடியிலிருந்த பையைத் திறந்தாள். கொண்டுவந்திருந்தாள்.